படத்துக்குக் கண்ணாடி போட, புத்தகம் கட்ட: எங்கள் பினாங்கு ஓவியக்கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஓவியக்கூடம் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒருவருக்கு அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் படிக்கட்டில் காத்து நிற்கிறார். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, இது படம் வரையக் கத்துக்கொடுக்கிற இடமா, இல்ல ஃபிரேம் கடையா?

இரண்டும்தான். தொடக்கத்தில் வரைதல் வகுப்பு மட்டும் இருந்தது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வருடக் கடைசியில் அவர்கள் வரைந்ததையெல்லாம் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். அடுத்த வருடம் ஓர் அம்மா அப்படி ஒரு சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். அலமாரி மேல் வைத்திருந்தாராம். ரப்பர் இளகித் தாளோடு ஒட்டியிருந்தது. பிள்ளை வரைந்த யானையின் முதுகு முழுக்கப் பூசணம். மகளுக்குத் தெரிவதற்குள் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். என்னால் முடியவில்லை.

அந்த யானைக்காகத்தான் ஃபிரேம் வேலை கற்றுக்கொண்டேன். அப்புறம் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்துப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தோம். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், பிரிந்துபோன தேவாரப் புத்தகத்தையும் பழைய கணக்குப் பேரேட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் ஃபிரேமும் பைண்டிங்கும்.

ஒரு படத்துக்குக் கண்ணாடி போட எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) வரும்? சும்மா ஒரு கணக்குச் சொல்லுங்க.

படத்தைப் பார்க்காமல் தொகை சொல்வதில்லை. ஆனால் கணக்கு எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். சட்டத்துக்கான மரக்கம்பை மோல்டிங் என்போம். நான்கு பக்க நீளத்தையும் கூட்டி, அதோடு மோல்டிங் அகலத்தின் எட்டு மடங்கைச் சேர்க்க வேண்டும். மூலை ஒவ்வொன்றிலும் இரண்டு கம்புகளை 45 பாகையில் வெட்டுவதால் அந்த எட்டு மடங்கு வருகிறது. 40×50 செ.மீ. அளவுக்கு 3 செ.மீ. அகல மோல்டிங் என்றால் 180 செ.மீ.யோடு 24 சேர்த்து 204 செ.மீ. வேண்டும். வெட்டில் போகும் சேதாரம் தனி.

இதற்கு மேல் கண்ணாடி, மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி உள்ளே வரும் அட்டை), பின்னட்டை, கூலி. ஒரே அளவுள்ள இரண்டு படங்களுக்கு விலை இரு மடங்காக மாறுவது பெரும்பாலும் மோல்டிங்கால்தான். கையில் காசு குறைவாக இருந்தால் மோல்டிங்கை மலிவாக எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அட்டையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மோல்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கண்ணாடி நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

எடையைப் பாருங்கள். 2 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ. அதே தடிப்பில் அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தகடு, ஏறக்குறைய 2.4 கிலோ. பெரிய படம், பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பஸ்ஸில் எடுத்துப்போவது என்றால் அக்ரிலிக் போடுங்கள். ஆனால் அது சுலபமாகக் கீறும். துடைத்தால் மின்னேற்றம் பிடித்துத் தூசியை இழுக்கும். கரித்துண்டிலோ பாஸ்டலிலோ வரைந்த படமானால் வண்ணத்தூளையே தாளிலிருந்து மேலே இழுத்துவிடும். அவற்றுக்குக் கண்ணாடிதான்.

சாதாரணக் கண்ணாடி வெயிலில் படம் வெளுப்பதைத் தடுக்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை விலை கூடுதல். அதைப் போட்டாலும் வெளுப்பது மெதுவாகுமே தவிர நிற்காது. நீர்வண்ணப் படத்தை சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். போன நிறம் திரும்பி வராது.

உள்ளே வெள்ளை அட்டை எதுக்கு? அது இல்லாம போட்டா காசு மிச்சம்தானே?

அந்த வெள்ளை அட்டைதான் மவுண்ட். அழகுக்காக வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று இருக்கும்படி இடைவெளி விடுவது. நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். இடைவெளி இல்லையென்றால் அந்த ஈரம் நேராகப் படத்தில் இறங்கும். புகைப்படமாக இருந்தால் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஒட்டிய பழைய கல்யாணப் போட்டோவைப் பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். பாதி முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பிறகு யோசிக்கலாம். மவுண்ட் பிடிக்கவில்லை என்றால், கண்ணாடி ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பட்டை வைத்தும் இடைவெளி விடலாம்.

படத்தை அட்டையில நல்லா ஒட்டிக் கொடுத்துடுங்களேன். சுருங்காம இருக்குமே?

இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு மாணவியின் நீர்வண்ணப் படத்தைச் சூட்டில் ஒட்டும் தாள் வைத்து அட்டையில் முழுசாக ஒட்டினேன். பார்க்கக் கண்ணாடித் தளம் மாதிரி இருந்தது. சில வருடங்களில் அட்டை பழுப்பேறியது. அந்தப் பழுப்பு படத்துக்குள்ளும் வந்தது. பிரிக்க வழியே இல்லை. தவறு என்னுடையது. அந்தப் படத்தை அவளிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கி, இன்றும் வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

இப்போது மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாளில் கிழித்த சிறு பட்டையால் தொங்கவிடுகிறேன். பசை, கோதுமை மாவிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சைக் காய்ச்சியது. ஈரம் கூடும்போது தாள் விரியும், குறையும்போது சுருங்கும். தொங்கவிட்டால் அதற்கு இடம் இருக்கும். நாளை யாராவது எடுக்க நினைத்தால் கொஞ்சம் நீர் தொட்டு வைத்தாலே பட்டை கழன்று வரும். நாம் செய்கிற எதையும் நமக்குப் பின்னால் வருகிறவர் படத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியவேண்டும். இந்தக் கடையில் ஃபிரேமுக்கும் பைண்டிங்குக்கும் அந்த ஒரே சட்டம்தான். செலோடேப் எங்கள் மேசையிலேயே கிடையாது.

அப்பா படத்துலயும் சாமி படத்துலயும் மட்டும் பூசணம் பிடிக்குது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. ஏன் டீச்சர்?

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூசணம் வளரும். பினாங்கில் 80ஐத் தாண்டுவது அன்றாடம். அப்படியானால் எல்லாப் படத்திலும்தானே பிடிக்க வேண்டும்? அந்த இரண்டில் மட்டும் ஏன் என்று நானும் பல வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். காரணம் பொட்டு. சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேல் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கிறோம். துடைக்கும் நீர் கீழே வழிந்து சட்டத்தின் அடிப்பள்ளத்தில் தங்குகிறது. தாள் அதை விளக்குத் திரிபோல உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. கறை எப்போதும் படத்தின் கீழ் ஓரத்திலிருந்து மேலே ஏறியிருப்பதைப் பாருங்கள், புரியும். பூமாலையின் ஈரம் வேறு.

பொட்டு வைப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் வைக்கிறோம். கண்ணாடி, மவுண்ட், படம், பின்னட்டை நான்கையும் ஒரு கட்டாகச் சேர்த்து, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி, அதற்குப் பிறகு சட்டத்தில் இறக்குகிறோம். டேப் கண்ணாடியையும் பின்னட்டையையும்தான் பிடிக்கும், படத்தைத் தொடாது. துடைக்கும்போது துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். விளக்கையும் சாம்பிராணியையும் படத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். மாலையைச் சட்டத்தில் மாட்டாமல், அதற்கு மேலே தனியாக ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள்.

சுவரையும் பார்க்க வேண்டும். இங்குள்ள பழைய கடைவீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறும். அதன் மேல் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, வேறெங்காவது உப்பிக்கொண்டு வரும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் படம் மாட்டாதீர்கள். எங்கே மாட்டினாலும், சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் சிறிய ரப்பர் குமிழ் இரண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். சில காசுதான் ஆகும்.

ஊருக்குப் போனப்போ தஞ்சாவூர் ஓவியம் வாங்கிட்டு வந்தேன். அதுக்கும் இதே மாதிரிதானா?

இல்லை. தஞ்சாவூர் ஓவியம் தாளில் வரைந்தது அல்ல. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்த மக்கு வைத்துப் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியது. கண்ணாடி அந்தக் கற்களைத் தொட்டால் அழுத்தத்தில் மக்கு பெயரும். அதனால் ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும். ஏர்கான் அறையில் ஒரு நாள், வெளியே ஒரு நாள் என்று மாற்றாதீர்கள். பலகை ஒரு வேகத்தில் அசையும், மக்கு அசையாது, வெடிப்பு விடும். கல் உதிர்ந்தால் அதை ஒரு உறையில் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் சூப்பர் குளூ வைக்க வேண்டாம்.

துணியில் தீட்டிய எண்ணெய் வண்ண, அக்ரிலிக் வண்ண ஓவியங்களுக்குப் பொதுவாகக் கண்ணாடியே தேவையில்லை.

எந்த மரத்துல சட்டம் போட்டா நல்லது?

நான் ரப்பர் மரத்தைச் சொல்வேன். பால் வற்றி வெட்டிய மரத்திலிருந்து வருவது. நிறம் வெளிர், வெட்டு சுத்தமாக வரும். எங்கள் பாட்டி பால் வெட்டிய மரம் என்பதால் எனக்கு அதில் தனி அன்பும் உண்டு. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரத்தைத் துளைக்கும் வண்டு சீக்கிரம் பிடிக்கும். போரான் ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும். முன்பு சட்டத்துக்குப் பேர்போன ராமின் மரம் இப்போது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதை நாங்கள் எடுப்பதில்லை.

வீட்லயே நோட்டுப் புத்தகம் தைச்சேன். விரிச்சா நிக்கவே மாட்டேங்குது, ஓரம் எல்லாம் நெளியுது. எங்க தப்பு?

தையலில் இல்லை, தாளின் ஓட்டத்தில். இயந்திரத்தில் தாள் தயாராகும்போது நார்கள் ஒரு திசையில் படுக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் சுலபமாக மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். ஈரத்தில் தாள் விரிவதும் நாருக்குக் குறுக்கேதான். அதனால் நார் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக மடித்து ஏ5 புத்தகம் செய்தால் நார் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். நீங்கள் செய்தது அதுதான்.

நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 வாங்கி, இரண்டாக வெட்டி, அப்புறம் மடியுங்கள். நார் முதுகோடு ஓடும். சந்தேகமாக இருந்தால் தாளை மடிப்பு விழாமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளையும்போது மடிப்புக்கோடு எந்தத் திசையில் விழுமோ, அதுதான் நாரின் ஓட்டம். அட்டைக்கும், மேலே ஒட்டும் காலிகோ துணிக்கும், உள்தாளுக்கும் இதே விதி. மூன்றில் ஒன்று திரும்பினாலும் அட்டை வாழையிலை காய்ந்த மாதிரி வளையும்.

நான்கு தாளை மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். பாரம் பாரமாகத் தைத்தால் புத்தகம் தட்டையாக விரியும். முதுகில் பசை மட்டும் தடவிய பர்ஃபெக்ட் பைண்டிங் அப்படி விரியாது. ஒட்டி முடித்ததும் மேலே கனமான எடை வைத்து, குறைந்தது ஒரு நாள் விடுங்கள். மழை நாளில் இரண்டு நாள்.

மைதா மாவுப் பசையில மயில்துத்தம் போட்டா பூச்சி வராதுன்னு தாத்தா சொல்வாரு. நீங்க போடுவீங்களா?

போடுவதில்லை. பழைய பைண்டர்கள் போட்டது உண்மை. பூச்சிக்கு அது நஞ்சு. ஆனால் மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. நாளாக ஆக அது தாளையும் நலியச் செய்யும். பசையை வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி, மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து, புளித்த வாசம் வந்தால் கொட்டிவிடுகிறோம். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஏற்கெனவே பிடித்த புத்தகமென்றால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டால், வியர்ப்பது பைக்கு வெளியே வியர்த்துக் காய்ந்துவிடும்.

தீசிஸ் நாளைக்கே சப்மிட் பண்ணணும். இன்னிக்கே கட்டித் தருவீங்களா?

முடியாது. யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்தைச் சுற்றி அந்த அவசரத்துக்கென்றே கடைகள் இருக்கின்றன. அவர்களிடம் இயந்திரம் உண்டு. அட்டை நிறம், எழுத்து அளவு, முதுகில் என்ன வரவேண்டும் என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் விதித்தாளில் பார்த்துக்கொண்டு போங்கள். அம்மாவுக்குக் கொடுக்க ஒரு பிரதியைக் கையால் தைத்துத் தரச் சொன்னால், ஒரு வாரத்தில் ஆசையாகச் செய்து தருவேன்.

தாத்தாவோட கணக்குப் புத்தகம், தொட்டாலே பொடியுது. லேமினேட் பண்ணிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மரக்கூழில் செய்து, படிகாரமும் ரோசினும் சேர்த்த தாள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவலானது. அந்தத் தாளுக்குள்ளேயே அமிலம் ஊறும். பொடிவதற்குக் காரணம் அதுதான். லேமினேட் செய்தால் அமிலமும் உள்ளே அடைபடும், சூட்டில் மையும் கெடும், பிரிக்கவும் முடியாது. படத்தை அட்டையில் ஒட்டுவது பற்றி மேலே சொன்னதே இங்கேயும்.

இப்படி வரும் புத்தகத்தை நான் உடனே கட்டுவதில்லை. பொடியும் தாளில் ஊசி ஏற்றினால் துளை வழியாகவே கிழியும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்கிறேன். அப்புறம் அமிலமில்லாத அட்டையில், அந்தப் புத்தகத்தின் அளவுக்கே ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்துக் கொடுக்கிறேன். வாசிக்க அந்தப் படங்களை அச்சடித்து ஒரு புதுப் புத்தகமாகத் தைத்துக்கொள்ளலாம். வட்டிக் கணக்கு, கப்பல் டிக்கெட்டின் விலை, ஊருக்கு அனுப்பிய பணம் என்று அந்தப் பேரேடுகளில் இருப்பது நம் குடும்பங்கள் இங்கே வந்த கதை. கையெழுத்து புரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் எடுத்து வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

வெள்ளத்துல நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல காயவச்சா போதுமா?

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இதை நிறையப் பேர் கேட்டார்கள். வெயில் தாளை நெளிய வைக்கும், பசையை இறுக்கிவிடும். பூசணம் 48 மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும் என்பதால் வேகம்தான் முக்கியம். ஒன்றிரண்டு என்றால் விசிறிக் காற்றில் நிற்கவைத்து, இடையிடையே வெள்ளைத் தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றுங்கள். நிறைய இருந்தால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி உறைபெட்டியில் போடுங்கள். உறைந்தால் கெடுவது நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுமையாகக் காயவைக்கலாம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று கல்லாக ஒட்டிவிடும். அவற்றை முதலில் உறைபெட்டிக்கு அனுப்புங்கள்.

நானும் இப்படி ஒண்ணு தொடங்கணும். எதுல ஆரம்பிக்கிறது?

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில், பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. மாநகர் மன்றத்தின் வணிக உரிமமும் பெயர்ப்பலகை அனுமதியும் தனி. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுத் தலமானதால், மரபு வட்டாரத்துக்குள் கட்டடத்தில் எதையாவது மாற்றுவதற்கு முன் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். வாடகைதான் பெரிய பாரம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு முடிந்தபின், இந்தத் தெருக்களில் கீழ்த்தளம் கிடைப்பது சிறு தொழிலுக்குக் கடினம். நாங்கள் மாடியில் இருப்பதும் அதனால்தான்.

கருவிகளைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். முதல் வருடம் மோல்டிங் வெட்டுவதை மொத்தக் கடையிலேயே கொடுத்துச் செய்தேன். மவுண்ட் வெட்டும் கத்தியும் நேரான இரும்பு அளவுகோலும் மட்டும் என்னுடையவை. மூலையை வெட்டும் இயந்திரம் வேலை வந்து குவிந்த பிறகு வாங்கியது. பைண்டிங்குக்கு ஊசி, லினன் நூல், மடிப்பை அழுத்தும் எலும்புத் தகடு, இரண்டு கனமான பலகை போதும். வகுப்பு வருமானத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபிரேம் வேலை தீபாவளிக்கு முன் மூச்சுவிட முடியாமல் வரும், அப்புறம் இரண்டு மாதம் அமைதியாகிவிடும். வாடகை மாதாமாதம் வரும்.

காசு வாங்கிட்டு ஒருத்தருக்குப் படம் வரைஞ்சு கொடுத்தேன். அதை நான் அச்சடிச்சு விக்கலாமா?

வரைந்தவருக்கே உரிமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, கேட்டுக்கொண்டதன் பேரில் வரைந்த படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்குப் போய்விடுகிறது. அதனால் முன்பணம் வாங்கும்போதே, அச்சுரிமை என்னிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நான் ரசீதிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன். வேறொருவரின் ஓவியத்தையோ, தெருச் சுவரில் இருக்கும் ஓவியத்தையோ பெரிதாக்கி அச்சிட்டு ஃபிரேம் போட்டுத் தரச் சொன்னால் நாங்கள் செய்வதில்லை. வரைந்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் உரிமை உண்டு.

வேற கடையில போட்ட பழைய ஃபிரேம். பிரிச்சா உள்ள இருக்கிற படம் கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. பிரிக்கும்வரை உள்ளே எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. அதனால் உங்களை வைத்துக்கொண்டுதான் பிரிப்பேன். முதலில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்வோம். பின்னட்டையைக் கழற்றி, ஆணிகளை ஒவ்வொன்றாக இழுத்து, படம் கண்ணாடியைத் தொட்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் பார்ப்போம். ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

பின்னட்டையில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்றும் பார்ப்போம். ஒருமுறை ஒரு பாட்டியின் படத்துக்குப் பின்னால், அவர் பிறந்த ஊரும் கப்பல் ஏறிய தேதியும் பென்சிலில் இருந்தன. வீட்டில் யாருக்கும் தெரியாதாம். அந்தப் பழைய அட்டை அமிலம் ஏறியது, உள்ளே வைக்கக்கூடாது. எழுத்திருந்த பகுதியை மட்டும் வெட்டி, தனி உறையில் போட்டு, புதிய சட்டத்தின் பின்புறம் செருகிக் கொடுத்தேன்.